பின்காணிக்குப் போகும் பாதை: 15 வருடம் நடந்தால் அது நம் உரிமை ஆகுமா?

நீங்கள் கேட்டது இதுதான்: வெள்ளவத்தையில் பின்காணியில் உங்கள் வீடு. முன்காணிக்காரரின் நிலத்தால்தான் 15 வருடமாகப் போய்வருகிறீர்கள். இப்போது அவர் காணியை விற்கப்போகிறார். அந்தப் பாதையில் உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா, இல்லையென்றால் எப்படி எடுப்பது?

நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் இதே பிரச்சினையில் எங்கள் குடும்பம் மூன்று வருடம் கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு ஏறி இறங்கியது. அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காணி கைமாறுவதற்கு முன்பே, இந்த வாரமே, முன்காணிக்காரரோடு கதையுங்கள். மிச்சத்தைப் பிறகு ஆறுதலாக வாசிக்கலாம்.

எங்கள் கதை இப்படி. 1994இல் அப்பா தெஹிவளையில் ஆறு பேர்ச் காணி வாங்கினார். ஊரை விட்டு வந்த காலம், கையில் இருந்த காசுக்கு உள்ளே தள்ளித்தான் காணி கிடைத்தது. காலி வீதிப் பக்கம் வருவதற்கு முன்காணி ஓரமாக ஒரு மண்பாதை. முன்காணி ஒரு சிங்கள அன்ரியுடையது. மிக நல்ல மனுஷி. அம்மாவை "நங்கி" (தங்கச்சி) என்றுதான் கூப்பிடுவார். சித்திரை வருடப்பிறப்புக்கு அங்கிருந்து கிரிபத் (பாற்சோறு) வரும், தீபாவளிக்கு இங்கிருந்து பலகாரம் போகும். வீடு கட்ட லொறி கொண்டுவரும்போதெல்லாம் அம்மா முதல் நாளே போய்ச் சொல்லிவிட்டு வருவார். 2003இல் தண்ணீர்க் குழாய் போட வேண்டி வந்தது. எல்லாம் ஒழுங்காக இருக்கட்டும் என்று அப்பா ஒரு கடிதம் எழுதினார்: "தங்கள் காணியின் ஊடாகப் போய்வரவும் குழாய் பதிக்கவும் அனுமதி தந்து உதவவும்." அன்ரி கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கடிதத்தைக் காணி உறுதியோடு (பத்திரத்தோடு) சேர்த்து அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்தோம்.

அன்ரி 2011இல் காலமானார். 2013இல் பிள்ளைகள் காணியை ஒரு கட்டட நிறுவனத்துக்கு விற்றார்கள். இரண்டாவது கிழமை பாதைக்குக் குறுக்கே தகரம் அடித்தார்கள். மூன்று அடி விட்டிருந்தார்கள். அப்பாவுக்கு அப்போது முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்த நேரம். வாசலுக்கு ஓட்டோ வராது.

அந்தக் கடிதம்தான் எங்களைக் காப்பாற்றும் என்று நம்பிப் புதுக்கடைக்குக் கொண்டுபோனோம். சட்டத்தரணி இரண்டு தரம் வாசித்தார். "ஐயா, இது உங்களுக்குச் சாட்சி இல்லை, அவர்களுக்குச் சாட்சி" என்றார். அப்பா அன்று வரும் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை.

ஏன் அப்படிச் சொன்னார் என்பதில்தான் உங்கள் கேள்விக்கும் பதில் இருக்கிறது. பிறர் காணியில் நடக்கவும், குழாய் கொண்டுபோகவும், கிணற்றில் தண்ணீர் அள்ளவும் நமக்கு வரும் உரிமையை இங்கே செர்விடியூட் என்பார்கள். நம் நாட்டில் இதற்கு அடிப்படை உரோம-டச்சுச் சட்டம். உரிமை ஒரு காணியோடு ஒட்டியிருக்கும், சுமை மற்றக் காணியில் இருக்கும். ஆட்கள் மாறினாலும் அது காணியோடு போகும். இரண்டு காணியும் ஒரே ஆளுக்கு வந்துவிட்டால் உரிமை அழிந்துபோகும், தன் காணியில் தனக்கே யாரும் வழி கொடுக்கத் தேவையில்லையே.

பத்து வருடம் தடையில்லாமல் பாவித்தால் இந்த உரிமையைக் காலாவதிச் சட்டத்தின் கீழ், அதாவது நீண்ட காலப் பாவனையால் வந்த உரிமை என்று, கேட்கலாம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், 3ஆம் பிரிவு. இணையத்தில் தமிழில் தேடினால் பெரும்பாலும் 20 வருடம் என்றுதான் வரும். அது இந்தியாவின் 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டம், கொழும்புக் காணிக்கு அது பொருந்தாது. இங்கே 10 வருடம். இது தெரியாமல் "இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது" என்று பேசாமல் இருந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

சரி, உங்களுக்கு 15 வருடம் ஆகிவிட்டதே, போதாதா? போதாமலும் போகலாம். அந்தப் பாவனை பலாத்காரமாக இருக்கக் கூடாது, ஒளித்து மறைத்து இருக்கக் கூடாது, மற்றவரின் அனுமதியால் வந்ததாகவும் இருக்கக் கூடாது. உரிமைக்காரன் போல நடந்திருக்க வேண்டும். "போய் வாருங்கோ" என்று அவர் சொல்லி நீங்கள் நடந்திருந்தால், 15 வருடம் என்ன, 30 வருடம் நடந்தாலும் அது அவருடைய அனுமதியாகவே நிற்கும். எங்கள் அம்மா ஒவ்வொரு லொறிக்கும் போய்க் கேட்டதும், அப்பா எழுதிய கடிதமும் அனுமதிக்கே சாட்சியாகிவிட்டன. நல்ல அயலவராக நடந்ததே வழக்கில் எங்களுக்கு எதிராக வந்தது. இன்றைக்கும் எனக்கு இது மனதுக்கு ஒப்பாத விஷயம். ஆனால் மற்றப் பக்கம் நின்று பார்த்தால் நியாயம் விளங்கும். இரக்கப்பட்டு வழிவிட்ட ஒவ்வொருவரும் பத்து வருடத்தில் தன் காணியில் ஒரு துண்டை இழப்பதென்றால் யாரும் யாருக்கும் வழிவிட மாட்டார்கள்.

இன்னொன்று, பாதை திட்டமாகத் தெரிய வேண்டும். இன்றைக்கு இந்தப் பக்கத்தால், நாளைக்கு அந்தப் பக்கத்தால் என்று காணி முழுக்க நடந்திருந்தால் காலாவதி உரிமை கேட்பது கடினம். எங்கிருந்து எங்கே, எத்தனை அடி அகலம் என்று காட்ட வேண்டும். பழைய நில அளவைப் பிளானில் பாதை குறிக்கப்பட்டிருந்தால் அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. கால்நடையாகப் போன உரிமை வாகனத்துக்கும் உரிமை ஆகிவிடாது. குழாயும் அப்படித்தான், அதற்குத் தனியாகக் காட்ட வேண்டும். அரச காணியாக இருந்தால் எத்தனை வருடம் பாவித்தாலும் காலாவதி கேட்க முடியாது.

உங்கள் காணிக்கு வேறு எந்த வழியுமே இல்லையென்றால் தேவையின் பேரிலான வழியைக் கேட்கலாம். அதற்குப் பத்து வருடக் கணக்கு இல்லை. பொது வீதிக்குக் கிட்டிய தூரத்தில், மற்றவருக்குக் குறைந்த சேதத்தில், தேவையான அளவு அகலத்துக்கு மட்டும் மாவட்ட நீதிமன்றம் வழிவிடும். பெரும்பாலும் நட்டஈடு கட்ட வேண்டிவரும். உங்கள் காணியும் முன்காணியும் ஒரு காலத்தில் ஒரே காணியாக இருந்து துண்டு போடப்பட்டதா என்று பாருங்கள். அப்படியென்றால் முதலில் அந்தத் துண்டுக்கு மேலால்தான் வழி கேட்க வேண்டும், உங்கள் பக்கம் வலுவாகும். ஆனால் வேறு வழி ஒன்று இருந்தால், அது சுற்றுப்பாதையாக இருந்தாலும் வசதியில்லாவிட்டாலும், தேவை என்ற வாதம் ஆட்டம் காணும். எங்களுக்கு அதுவும் நடந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கான் (வடிகால்). அதன் ஓரமாக ஒரு ஆள் நடக்கலாம். "அதுதான் உங்கள் வழி" என்றார்கள். மழைக்கு முழங்கால் வரை தண்ணீர் நிற்கும் இடம் அது.

தகரம் அடித்த அன்றே நாங்கள் செய்தது பொலிஸில் முறைப்பாடு. அப்புறம் 66 வழக்கு. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு என்பதால் அந்தப் பெயர். காணித் தகராறால் சமாதானம் குலையும் என்ற நிலையில் போடுவது. பாதை உரிமையும் அதற்குள் வரும். இது சீக்கிரம் நடக்கும், ஆனால் முடிவான தீர்ப்பு இல்லை. மாவட்ட நீதிமன்றம் பிறகு வேறு மாதிரிச் சொல்லலாம். ஆனாலும் பாதை அடைபட்டவர்கள் தாமதிக்காமல் இதைச் செய்ய வேண்டும். நாள் போகப் போக அடைத்த மதிலே வழமையாகிவிடும்.

இத்தனை அலைச்சலும் தேவையில்லாமல் ஆக்கும் வழி ஒன்றுதான்: உறுதி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணியைப் பாதிக்கும் இப்படியான உரிமையை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். வெற்றுக் கடிதமும் வாய்ச்சொல்லும் செல்லாது. எழுதிய பிறகு காணிப் பதிவகத்தில் பதியுங்கள். பதியாமல் வைத்திருந்து, அதற்குள் வேறொருவர் காணியைக் காசு கொடுத்து வாங்கி முந்திப் பதிந்துவிட்டால் உங்கள் உறுதி அவருக்கு எதிராக நிற்காது.

அப்பாவை நினைத்து நான் கவலைப்படுவது இதில்தான். யாழ்ப்பாணத்து உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதுவது வழக்கம். அப்பா அதை எத்தனை தரம் வாசித்திருப்பார்! ஊர்க் காணிக்கு அந்த ஒரு வரி இல்லையென்றால் கையெழுத்தே வைத்திருக்க மாட்டார். கொழும்பில் அவசரத்தில் வாங்கியபோது அந்த வரியைத் தேடவில்லை.

கடைசியில் 2016இல் சமரசமானோம். நில அளவையாளரைக் கொண்டு எட்டு அடிப் பாதையைப் பிளானில் தனியாகக் குறித்து, ஒரு தொகை கட்டி, உறுதி எழுதிப் பதிந்தோம். அம்மாவின் காப்பு இரண்டும் அதற்குப் போனது. உறுதியில் நடக்க, வாகனம் கொண்டுபோக, தண்ணீர்க் குழாய், மின்கம்பி, கழிவுநீர் என்று ஒவ்வொன்றாக எழுதுவித்தோம். நீங்களும் அப்படியே எழுதுவியுங்கள். "பாதை உரிமை" என்ற இரண்டு சொல்லோடு விட்டால் குழாய் உடையும் நாளில் திரும்பவும் சண்டை.

முன்காணிக்குப் பல பங்காளிகள் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்களுக்குள் காணியைப் பங்கு பிரிக்கும் பிரிவிடல் வழக்கு நடந்தால், 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி கடைசித் தீர்ப்பில் எழுதப்படாத சுமைகள் எல்லாம் அற்றுப்போகும், உங்கள் பாதையும் சேர்த்து. அப்படி வழக்கு என்று கேள்விப்பட்டால் உடனே போய் உங்கள் உரிமையைச் சொல்லுங்கள்.

உங்கள் முன்காணிக்காரர் இன்னும் விற்கவில்லை, உங்களோடு மனஸ்தாபமும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்குக் கிடைக்காத நேரம் அது. பழைய பிளானையும் உறுதியையும் எடுத்துக்கொண்டு ஒரு நொத்தாரிசுவிடம் போங்கள். போகும் முன் அனுமதி கேட்டுக் கடிதம் ஒன்றும் எழுத வேண்டாம். உங்கள் உறுதியின் கடைசிப் பக்கத்தில் இரண்டாம் அட்டவணை என்று ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள், பாதை உரிமையைப் பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருப்பார்கள். இருந்தால் அதில் உள்ள சொற்களை அப்படியே இங்கே போடுங்கள், எனக்குத் தெரிந்த அளவு சொல்கிறேன்.