இன்டர்வியூ மும்பையில், வேலை சிங்கப்பூரில்: கிரீன் கார்டு கேஸ் என்ன ஆகும்?

கேள்வி: 2024 நவம்பரில் வடபழனியில் எங்களுக்குத் திருமணம் நடந்தது. கணவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், டல்லாஸில் வேலை. எனக்காக அவர் போட்ட ஐ-130 என்ற உறவினருக்கான கிரீன் கார்டு மனு அப்ரூவ் ஆகிவிட்டது. என்விசிக்கு (இன்டர்வியூவுக்கு முன் ஆவணங்களைச் சரிபார்க்கும் அமெரிக்காவின் நேஷனல் விசா சென்டர்) எல்லா ஆவணங்களையும் அனுப்பி, அவையும் சரியாக இருக்கின்றன என்று மெயில் வந்துவிட்டது. மும்பை இன்டர்வியூ தேதிக்காகக் காத்திருக்கிறேன். இந்த நேரத்தில் துரைப்பாக்கத்தில் நான் வேலை செய்யும் கம்பெனி, சிங்கப்பூர் கிளைக்கு இரண்டு வருடம் போகச் சொல்கிறது. சம்பளம் நன்றாக இருக்கிறது. ஆனால் இடையில் வேலையை விட்டால் 5 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று பாண்டில் கையெழுத்துக் கேட்கிறார்கள். நாடு மாறினால் கேஸ் ரத்தாகிவிடும் என்கிறார் ஒரு தோழி. இனி இன்டர்வியூ சிங்கப்பூரில்தான் என்கிறார் தெரிந்த ஏஜென்ட். "டூரிஸ்ட் விசாவில் போய் அங்கேயே மாற்றிக்கொள்ளலாமே" என்பது மாமியாரின் யோசனை. கணவரோ, "வேலையை ரிமோட்டாக மாற்றிக்கொண்டு நானே சிங்கப்பூர் வந்துவிடுகிறேன்" என்கிறார். நான் என்ன செய்வது?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, வேளச்சேரி

பதில்: நீங்கள் சிங்கப்பூர் போகலாம். போவதால் கேஸ் ரத்தாகாது. உங்கள் கேஸ் நிற்பது கணவரின் மனு மீதும் உங்கள் திருமணத்தின் மீதும்தான். நீங்கள் எந்த ஊரில் வாடகை கட்டுகிறீர்கள் என்பது அதன் உயிரைத் தொடும் விஷயமே இல்லை. உங்களுக்கு யோசனை சொன்ன நான்கு பேரில், பாசத்தோடு பேசிய கணவரின் யோசனையில்தான் எனக்குக் கவலை அதிகம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஏஜென்ட் சொன்னது. அவர் பாதி சரி. 2025 நவம்பர் 1 முதல் அமெரிக்க வெளியுறவுத் துறை ஒரு விதியை நடைமுறைப்படுத்துகிறது. குடிபெயர்வு விசாவுக்கு விண்ணப்பிப்பவர் தான் வசிக்கும் நாட்டில் இன்டர்வியூவுக்குப் போக வேண்டும். அல்லது, கேட்டுக்கொண்டால், தன் குடியுரிமை உள்ள நாட்டில். இந்த இரண்டாவது பாதியை ஏஜென்டுகள் சொல்வதில்லை. நீங்கள் இந்தியக் குடிமகள். சிங்கப்பூரின் வேலை அனுமதியான எம்பிளாய்மென்ட் பாஸ் வாங்கினாலும் அப்படியேதான் இருப்பீர்கள். ஆகவே மும்பை உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. (ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்திலேயே தூதரகம் இருக்க, ஏன் மும்பை என்று கேட்டு வருபவர்கள் நிறைய. இந்தியாவில் கணவன், மனைவி கிரீன் கார்டு இன்டர்வியூக்கள் மும்பை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் உள்ள தூதரகத்தில்தான் நடக்கின்றன. உங்கள் கேஸ் எண் மும்பைக்கான குறியான 'பிஎம்பி' என்று தொடங்குவது அதனால்தான்.)

சிங்கப்பூருக்கு மாற்றலாமா? கேட்டால் மாற்றித் தரலாம், ஆனால் என் கருத்து, வேண்டாம். ஆவணங்கள் சரி என்று மெயில் வந்த நாளை வைத்து மும்பை வரிசையில் உங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. வேறு தூதரகத்துக்கு ஓடினால், அங்கே வசிக்கிறீர்கள் என்பதற்குச் சான்று கேட்பார்கள், கோப்பு நகர நாளாகும், நடுவில் எந்த மெயிலுக்கு யார் பதில் சொல்வது என்ற குழப்பமும் சேரும். இரண்டு வருடத்துக்குள் நீங்கள் எப்படியும் சென்னைக்கு வந்துபோகத்தான் போகிறீர்கள்.

அதனால் செய்ய வேண்டியது இது. சிங்கப்பூர் முகவரி உறுதியானதும் என்விசியின் ஆன்லைன் விசாரணைப் படிவத்தில் கேஸ் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள்: முகவரி மாறிவிட்டது, குடியுரிமை நாடு என்ற முறையில் இன்டர்வியூ மும்பையிலேயே இருக்கட்டும். அவ்வளவுதான், கதை சொல்ல வேண்டாம். நீங்கள் அனுப்பிய டிஎஸ்-260 என்ற குடிபெயர்வு விசா விண்ணப்பப் படிவத்தை ஒருமுறை சமர்ப்பித்த பிறகு நீங்களாகத் திருத்த முடியாது. என்விசி திறந்துவிட்டால் திருத்துங்கள். இல்லையென்றால் இன்டர்வியூவில் அதிகாரியிடம், "படிவம் அனுப்பிய பிறகு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனேன், இன்ன தேதி முதல் இன்ன கம்பெனி" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். முகவரி மாறியதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வேளச்சேரியிலேயே இருப்பதுபோல் நடிப்பதுதான் பொய் சொன்ன கணக்கில் போய்ச் சேரும்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். என்விசியில் நீங்கள் கொடுத்த மெயில் ஐடி எது? என்னிடம் வருபவர்களில் பலர் அலுவலக மெயிலைத்தான் கொடுத்திருப்பார்கள். சிங்கப்பூர் நிறுவனத்தின் பெயருக்கு மாறும்போது அந்த ஐடியும் மாறிவிடும். இன்டர்வியூ தேதி பழைய ஐடிக்குப் போய் யாரும் பார்க்காமல் கிடக்கும். விசா கிடைக்கும் நிலை வந்தபின் ஒரு வருடம் நீங்கள் எந்த நடவடிக்கையும் எடுக்காவிட்டால் கேஸை முடித்துவைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால் உங்கள் சொந்த மெயிலையும் கணவரின் மெயிலையும் இன்றே பதிவு செய்யுங்கள். இந்திய மொபைல் எண்ணை விடாமல் ரோமிங்கில் வைத்திருங்கள். வங்கி ஓடிபிக்கும் அது வேண்டும்.

அப்புறம் போலீஸ் சான்றிதழ். நாடு மாறுபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு விதி இப்படி: குடியுரிமை நாட்டில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்திருந்தால் அங்கிருந்து ஒன்று, இப்போது வசிக்கும் நாட்டில் ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் அங்கிருந்தும் ஒன்று, முன்பு வசித்துவிட்டு வந்த வேறு நாடு என்றால் ஒரு வருடக் கணக்கு. அதாவது இன்டர்வியூ நாளில் உங்கள் சிங்கப்பூர் வாசம் ஐந்து மாதம் என்றால் அங்கிருந்து சான்றிதழ் தேவையில்லை. ஏழு மாதம் என்றால் தேவை. கையில் இல்லாமல் போனால் 221(ஜி) என்று ஒரு தாளைக் கொடுத்து, ஆவணம் கொண்டுவரும்வரை நிறுத்திவைப்பார்கள். நிராகரிப்பு என்று பெயர் இருந்தாலும் கேஸ் முடிந்துவிட்டது என்று பொருளல்ல. ஆனால் அந்தத் தாளோடு சாங்கிக்குத் திரும்புவது தேவையில்லாத அலைச்சல்.

எனவே ஆறு மாதம் முடிந்ததும் சிங்கப்பூர் போலீஸிடம் கிளியரன்ஸ் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அந்நாட்டுக் குடிமக்கள் அல்லாதவர்கள், எந்த அரசு இதைக் கேட்கிறது என்று எழுத்துச் சான்று காட்ட வேண்டும். என்விசி மெயிலைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிளம்பிய பிறகு விண்ணப்பித்தால் கைரேகையை வேறு நாட்டில் எடுத்து அனுப்பும் வேலை சேரும்.

இந்தியச் சான்றிதழ் ஏற்கெனவே அனுப்பியிருப்பீர்கள். பொதுவாக அது இரண்டு வருடம் செல்லும். தேதியைப் பாருங்கள். காலாவதி நெருங்கினால், கிளம்பும் முன் சாலிகிராமத்திலோ அமைந்தகரையிலோ தாம்பரத்திலோ உள்ள பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் புதிதாக வாங்கிவிடுங்கள். சிங்கப்பூரிலிருந்து இந்தியத் தூதரகம் மூலமும் வாங்கலாம்தான், ஆனால் விசாரணை கடைசியில் உங்கள் வேளச்சேரி காவல் நிலையத்துக்குத்தான் வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிசிசியில், அதாவது இந்தப் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழில், எந்த நாட்டுக்காக என்று குறிப்பிட்டிருக்கும். சிங்கப்பூர் வேலைக்காக வாங்கியதை அமெரிக்கத் தூதரகத்தில் நீட்டி, "இதுவும் பிசிசிதானே சார்" என்று வாதாடியவர்களை எனக்குத் தெரியும்.

மெடிக்கலுக்கு நாள் ஒதுக்குங்கள். மும்பை இன்டர்வியூ என்றால் இந்தியாவில் தூதரகம் அங்கீகரித்த டாக்டரிடம்தான் பரிசோதனை. சிங்கப்பூர் ரிப்போர்ட் உதவாது. பெரும்பாலோருக்குச் சில நாட்களில் முடிந்துவிடும். நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோய்ச் சந்தேகம் வந்தால் மட்டும் சளியைக் கல்ச்சருக்கு அனுப்புவார்கள், முடிவு தெரிய எட்டு வாரம் வரை ஆகும். சிறுவயதில் பிரைமரி காம்ப்ளெக்ஸ் வந்து மருந்து சாப்பிட்டிருந்தால் பழைய சீட்டுகளைத் தேடி எடுத்துவையுங்கள். இன்டர்வியூ முடிந்ததும் பாஸ்போர்ட்டைத் தூதரகத்திலேயே வைத்துக்கொள்வார்கள். அது கைக்கு வரும்வரை சிங்கப்பூருக்குத் திரும்ப டிக்கெட் போடாதீர்கள். லீவைத் தாராளமாகக் கேளுங்கள்.

விசா கிடைத்த அன்றே ஓட வேண்டியதும் இல்லை. பொதுவாக மெடிக்கல் நாளிலிருந்து ஆறு மாதம் வரை அது செல்லும். மும்பையில் வாங்கிக்கொண்டு, சிங்கப்பூர் திரும்பி, நோட்டீஸ் பீரியட் முடித்து, அங்கிருந்தே டல்லாஸுக்கு விமானம் ஏறலாம். எந்த நாட்டிலிருந்து கிளம்புகிறீர்கள் என்பதற்கு விதி எதுவும் இல்லை. இதில் உங்களுக்கு ஒரு லாபமும் இருக்கிறது. திருமணமாகி இரண்டு வருடம் முடியாமல் அமெரிக்காவுக்குள் போனால் இரண்டு வருட நிபந்தனை கார்டுதான் கிடைக்கும். அது முடியும் முன், கடைசி 90 நாளுக்குள் கணவரோடு சேர்ந்து, நிபந்தனையை நீக்க ஐ-751 என்று இன்னொரு மனு, இன்னொரு கட்டணம், இன்னொரு காத்திருப்பு. 2026 நவம்பரில் இரண்டாம் கல்யாண நாள் கழிந்து உள்ளே போனால் பத்து வருட கார்டு. விசாவில் நிபந்தனை கார்டுக்கான 'சிஆர்1' என்று அச்சாகியிருந்தாலும், விமான நிலைய அதிகாரியிடம் கல்யாணச் சான்றிதழைக் காட்டி, பத்து வருட கார்டுக்கான 'ஐஆர்1' என்று மாற்றிப் பதியச் சொல்லுங்கள். அவரே கவனிப்பார் என்று இருக்காதீர்கள்.

இப்போது கணவரின் யோசனை. உங்கள் செலவுக்கு நான் பொறுப்பு என்று அவர் உங்களுக்காக ஐ-864 என்ற பொறுப்புறுதிப் பத்திரம் கொடுத்திருக்கிறார். எல்லோரும் அதில் சம்பளத்தை மட்டுமே பார்க்கிறார்கள், வறுமைக்கோட்டின் 125 சதவீதம் வருகிறதா என்று. அதே பத்திரத்துக்கு இன்னொரு கால் உண்டு: கையெழுத்துப் போடுபவர் அமெரிக்காவை நிரந்தர வசிப்பிடமாகக் கொண்டவராக இருக்க வேண்டும். டல்லாஸ் வீட்டைக் காலி செய்து, காரை விற்று, சிங்கப்பூரில் உங்களோடு குடித்தனம் வைத்துவிட்டால், இன்டர்வியூவில் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, "மனு போட்டவர் இப்போது எங்கே இருக்கிறார்?" என்பதாக இருக்கும். உறவினர் யாரையாவது கூட்டுப் பொறுப்பாளராகச் சேர்த்தால் சம்பளக் குறை தீரும். வசிப்பிடக் குறை தீராது; மனுதாரருக்கு அது இருந்தே ஆக வேண்டும்.

வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில வாரம் வந்து உங்களோடு இருக்கட்டும், விசிட்டுக்கு எந்தத் தடையும் இல்லை. கேஸுக்கும் நல்லதுதான், போர்டிங் பாஸையும் போட்டோக்களையும் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட காலம் தங்குவதாக இருந்தால், அது தற்காலிகம்தான் என்று காகிதம் பேச வேண்டும். டல்லாஸ் வாடகை ஒப்பந்தம் ஓடட்டும். டெக்சாஸ் ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு எல்லாம் அந்த முகவரியில் தொடரட்டும். எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டால், நீங்கள் உள்ளே போகும் நாளுக்குள் அவரும் அங்கே திரும்பிக் குடியேறுவார் என்று நிரூபிக்க வேண்டும்: வேலை ஆஃபர், வீட்டு அட்வான்ஸ் போன்ற சான்றுகளோடு. அந்த நிலை வந்தால் அமெரிக்க உரிமம் பெற்ற குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கோப்பைக் காட்டாமல் இன்டர்வியூவுக்குப் போகாதீர்கள். சென்னை வக்கீலும் போதாது, ஏஜென்டும் போதாது.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். டூரிஸ்ட் விசாப் படிவத்திலேயே, உங்களுக்காக யாராவது குடிபெயர்வு மனு போட்டிருக்கிறார்களா என்ற கேள்வி இருக்கிறது. 'ஆமாம்' என்றால், திரும்பி வருவீர்கள் என்று நம்பவைப்பது கடினம். 'இல்லை' என்றால் பொய். விசாவுக்காகச் சொன்ன பொய் கண்டுபிடிக்கப்பட்டால் ஆயுளுக்கும் தடை வரலாம். கைக்கு எட்டும் தூரத்தில் கிரீன் கார்டு இருக்கும்போது இந்த விளையாட்டு வேண்டாம்.

கிளம்பும் முன் வங்கிக்குப் போய் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் வேலையை விடும்போது, கம்பெனி அங்குள்ள வரித்துறைக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தகவல் கொடுத்து, வரிக் கணக்கு முடியும்வரை உங்களுக்குத் தர வேண்டிய பணத்தைப் பிடித்துவைக்கும். கடைசிச் சம்பளத்தை நம்பி டல்லாஸ் டிக்கெட் போடாதீர்கள்.

கடைசியாக பாண்ட். "இதெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று நண்பர்கள் சொல்வார்கள். அப்படி இல்லை. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று வருடம் முடியும் முன் வேலையை விட்டால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. அதேசமயம் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, பாண்டில் எழுதிய தொகை உச்ச வரம்புதான். கிடைப்பது நியாயமான நஷ்டஈடு மட்டுமே. உங்களை அனுப்ப கம்பெனி என்ன செலவு செய்தது என்பதை அவர்கள் காட்ட வேண்டியிருக்கும். முதலில் ஒப்பந்தத்தைப் போடுவது சென்னைக் கம்பெனியா, சிங்கப்பூர்க் கம்பெனியா, எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். சிங்கப்பூர்ச் சட்டம் என்றால் நான் மேலே சொன்ன இரண்டும் உங்களுக்குப் பொருந்தாது.

விசா வரப்போகிறது என்று தெரிந்தே இரண்டு வருட பாண்டில் கையெழுத்துப் போடுகிறீர்கள். ஆகவே ஹெச்ஆரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவதே நல்லது. இரண்டு திருத்தம் கேளுங்கள்: வேலை செய்த மாதங்களுக்கு ஏற்ப தொகை குறைய வேண்டும்; கணவரோடு சேர்வதற்காக விசா கிடைத்து விலகினால், டிக்கெட், தங்குமிடம் போன்ற நேரடிச் செலவை மட்டும் திருப்பித் தந்தால் போதும். முதலாவதற்குப் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவதற்கு, "அதெல்லாம் அப்போ பார்த்துக்கலாம் மேடம்" என்பார்கள். அந்தப் பதிலோடு கையெழுத்துப் போடாதீர்கள். அந்த வரி பாண்டிலேயே ஏற வேண்டும். அதற்கு மறுத்தால், குறைந்தபட்சம் ஹெச்ஆர் தலைவரிடமிருந்து ஒரு மெயிலாவது வர வேண்டும். அதை வாங்கி உங்கள் சொந்த ஐடிக்கு ஃபார்வர்டு செய்துகொள்ளுங்கள்.