உச்சியில் உயரம் வேண்டும், உள்ளது கொட்டக் கூடாது

கேள்வி: அடுத்த மாதம் என் அத்தை மகளுக்குக் கல்யாணம். வரவேற்புக்கு 'அறுபதுகளின் சினிமா' என்று தீம் வைத்திருக்கிறார்கள். சரோஜாதேவி மாதிரி உச்சியில் உயரமாகத் தூக்கிக் கொண்டை போட ஆசை. என் முடி தோளுக்குச் சற்றுக் கீழே வரும், அடர்த்தி கிடையாது. எட்டு மாதத்துக்கு முன்னால் ஸ்மூதனிங் செய்தேன். மண்டபத்துக்காரர் சொல்லிவிட்ட பார்லரில் விசாரித்தேன். முதலில் 'ஹேர் போடாக்ஸ்', அப்புறம் ஒரிஜினல் முடியில் சவுரி, அன்றைய அலங்காரம், எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய் என்கிறார்கள். வீட்டில் செய்வதென்றால் முடியைத் திருப்பிச் சீவ வேண்டும், இருக்கிறதும் கொட்டிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். நானே செய்துகொள்ள முடியுமா?
- வேலூர் வாசகி

பதில்: தாராளமாக முடியும். அந்த 14,500 ரூபாயைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு மேலே படியுங்கள்.

அந்தக் காலத்து நடிகைகளின் தலையில் தெரிந்த உயரம் முழுக்க அவர்களுடைய முடி என்று நம்பித்தான் பாதிப் பேர் கண்ணாடி முன்னால் மனம் ஒடிந்து போகிறார்கள். உள்ளே திணிப்பு இருந்தது, பின்னால் சவுரி இருந்தது, சில சமயம் முன்பக்கம் தவிர எல்லாமே விக்காக இருந்தது. 1960-இல் சிகாகோவில் மார்கரெட் வின்சி ஹெல்ட் என்ற பெண்மணி ஓர் அழகுக்கலைப் பத்திரிகைக்காகத் தேன்கூட்டுக் கொண்டையை உருவாக்கினார். சின்னத் தொப்பி ஒன்றின் வடிவத்தைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது. அதன் பிறகு உலகம் முழுக்க உச்சி இன்னும் உயர்ந்தது. கோடம்பாக்கத்திலும் உயர்ந்தது. சரோஜாதேவி, காஞ்சனா, ஜெயலலிதா என்று யார் படத்தை எடுத்துப் பார்த்தாலும் மேல்பரப்பு வழவழவென்று இருக்கும், உயரம் உள்ளிருந்து வரும். அடர்த்தி இல்லையே என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. திணிப்பை மூடுகிற அளவுக்கு முன்பக்கம் முடி இருந்தால் போதும்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். திருப்பிச் சீவினால் முடி வேரோடு கொட்டாது. ஒவ்வொரு முடியின் மேலும் மீன் செதில் போல அடுக்கடுக்காக ஒரு தோல் இருக்கிறது. செதில்கள் நுனியைப் பார்த்துப் படிந்திருக்கும். நுனியிலிருந்து வேர் பக்கமாகச் சீவும்போது அவை நிமிர்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. அந்தச் சிக்கல்தான் உயரம் தருகிறது. இரவு வீட்டுக்கு வந்து அதை அவசரமாகப் பிடித்து இழுக்கும்போதுதான் முடி நடுவில் ஒடிகிறது. ஆரோக்கியமான முடியில் வருஷத்துக்கு ஒரு நாள் செய்தால் ஒன்றும் ஆகிவிடாது.

ஆனால் உங்களுக்கு அது வேண்டாம். காரணம் ஸ்மூதனிங், அதாவது மருந்து வைத்து முடியைத் தட்டையாக்கும் வேலை. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எந்தப் பார்லரிலும் இதைச் சொல்லமாட்டார்கள். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். எட்டு மாதம் என்றால் வேரிலிருந்து எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் வரை புது முடி. அதற்கப்புறம் இருப்பது மருந்து பட்ட பழைய முடி. இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு பக்கம் இயல்பான வளைவு, மறுபக்கம் தட்டையாக்கிய முடி. ஒடிவதாக இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் ஒடியும். உச்சியைத் தூக்குவதற்காகத் திருப்பிச் சீவும்போது சீப்பு எங்கே போய் முட்டும்? வேரிலிருந்து ஐந்து முதல் பத்து சென்டிமீட்டருக்குள். சரியாக அந்த இடத்தில். முன்பக்கத்தில் ஒடிந்த முடி குட்டை குட்டையாக நிமிர்ந்து நிற்பதைப் பல பெண்கள் 'புது முடி முளைக்கிறது' என்று சந்தோஷமாக என்னிடம் காட்டியிருக்கிறார்கள். நுனியைத் தொட்டுப் பாருங்கள். முளைத்த முடியின் நுனி மெலிந்து கூராக இருக்கும், ஒடிந்தது மொட்டையாக இருக்கும். ஆகவே ஸ்மூதனிங், ஸ்ட்ரெய்ட்டனிங், கெரட்டின் என்று எந்தப் பெயரில் செய்திருந்தாலும், அது முழுக்க வளர்ந்து வெட்டப்படும் வரை திருப்பிச் சீவுவதை மறந்துவிடுங்கள். திணிப்பு மட்டும்தான்.

திணிப்பு செய்வது ரொம்பச் சுலபம். கணுக்கால் வரை வரும் மெல்லிய நைலான் சாக்ஸ் கறுப்பு நிறத்தில் ஒன்று வாங்குங்கள். ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் மலிவான செயற்கைச் சவுரி ஒன்றை வெட்டி, பிசிறாக்கி உள்ளே அடையுங்கள். வீட்டில் சீப்பிலிருந்து எடுத்துச் சேர்த்த சிக்கு முடி இருந்தால் அதை அலசிக் காயவைத்து அடைத்தால் இன்னும் நல்லது, லேசாக இருக்கும், ஊசி பிடிக்கும். பஞ்சு வேண்டாம், வேர்வையில் நனைந்து கட்டியாகிவிடும். பிறை வடிவத்தில், விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக, நடுவில் இரண்டு விரல் தடிமனாக, ஓரத்தில் மெலிந்து போகிற மாதிரித் தைத்துவிடுங்கள். ஓரம் மெலியாவிட்டால் தலையில் ஏதோ வைத்திருப்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

முதல் நாள் மாலையே தலைக்குக் குளித்துவிடுங்கள். எண்ணெயும் கண்டிஷனரும் உச்சிப் பக்கம் படவே கூடாது. ஸ்மூதனிங் செய்த முடி வழுக்கும், ஊசி நிற்காது. வேரில் துளி முகப்பவுடரைத் தூவி விரலால் கலைத்துவிட்டால் பிடிமானம் வரும். காதுக்குக் காது உச்சி வழியாக வகிடு எடுத்து முன்பக்க முடியை நெற்றிமேல் தள்ளிக் கிளிப் போடுங்கள். வகிட்டுக்கு ஒரு விரற்கடை பின்னால் மெல்லிய பின்னல் ஒன்று போட்டு, சுருட்டி, இரண்டு ஸ்லைடைப் பெருக்கல் குறி போலக் குத்துங்கள். இதுதான் அஸ்திவாரம். திணிப்பை இதன்மேல் வைத்து இதோடு சேர்த்துக் குத்தினால் ராத்திரி வரை அசையாது. இதைச் செய்யாமல் வெறும் முடியில் குத்துகிறவர்களுக்குத்தான் பந்தியில் உட்காரும்போது கொண்டை பிடரிக்கு வந்துவிடுகிறது.

அப்புறம் முன்பக்க முடியைத் தளர்வாகத் திணிப்புக்கு மேல் கொண்டுவந்து பின்னால் குத்துங்கள். இறுக்கினால் உயரம் அமுங்கிவிடும். பழைய டூத் பிரஷ்ஷில் கொஞ்சம் ஹேர் ஸ்பிரே அடித்து மேல்பரப்பை நீவிவிட்டால் அந்த வழவழப்பு வந்துவிடும். மிச்ச முடியைக் குதிரைவால் கட்டி, ஃபேன்சி ஸ்டோர் 'டோனட்' வளையத்தில் கொண்டையாகச் சுற்றுங்கள். உங்கள் நீளத்துக்கு அது போதும். ஸ்லைடில் நெளிவு உள்ள பக்கம் தலையைப் பார்த்து இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தலைகீழாகத்தான் குத்துகிறார்கள். கொண்டை ஊசியை வெளிப்பக்கம் பார்த்து நுழைத்து, கொண்டையின் முடி நான்கு மாட்டியதும் அப்படியே திருப்பித் தலைப் பக்கம் அழுத்துங்கள். காதோரம் ஓர் இழையில் கற்றாழை ஜெல் தடவி விரலில் சுற்றிக் கிளிப் போட்டு, காய்ந்ததும் எடுத்தால் சுருள் நிற்கும். அறுபதுகளை அறுபதுகளாகக் காட்டுவதில் உயரத்துக்கு இருக்கும் அதே பங்கு இந்தச் சுருளுக்கும் உண்டு.

இனி அந்த 14,500 ரூபாயைப் பார்ப்போம், இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது.

ஹேர் போடாக்ஸில் போடாக்ஸ் கிடையாது. முடிமேல் பூசி, அயர்ன் வைத்து ஒட்டவைக்கும் பூச்சு, அவ்வளவுதான். முடியை இன்னும் வழுக்கலாக்கும். உயரம் தூக்க வேண்டிய தலைக்கு நேர் எதிரான வேலை. அலங்காரத்துக்கு முன்னால் அதை ஏன் சொல்கிறார்கள்? அதில்தான் லாபம். சில பூச்சுகள் அயர்ன் சூட்டில் பார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவை விடும், கடைக்குள் நுழைந்ததும் கண் எரிந்தால் சந்தேகப்படுங்கள். 'அது இல்லாதது' என்று விற்கும் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. அதைப் பூசிய பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் அறிக்கைகள் வந்திருக்கின்றன. நம் நாட்டில் அழகுசாதனங்களுக்கென்றே 2020-இல் தனி விதிகள் போட்டாகிவிட்டது. லேபிளில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், காலாவதி தேதி எல்லாம் இருக்க வேண்டும். ஆனால் பெரிய கேனிலிருந்து லேபிள் இல்லாத டப்பாவில் ஊற்றித் தலையில் தடவுகிற பார்லருக்குள் வந்து பார்க்க யார் இருக்கிறார்கள்? புட்டியை உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது 'ஒரிஜினல்' சவுரி. திருமலையிலும் பழனியிலும் திருத்தணியிலும் நம் பெண்கள் இறக்கும் முடி ஏலத்துக்குப் போகிறது. வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என ஒழுங்காகக் கட்டிய நீள முடி விக் செய்வதற்காகக் கப்பலேறுகிறது. நமக்கு மிஞ்சுவது பெரும்பாலும் தெருவில் வாங்கிச் சேர்த்த சிக்கு முடி. வேரும் நுனியும் கலந்து கிடப்பதால் அமிலத்தில் போட்டுச் செதிலை அரித்துவிட்டு, சிலிக்கோன் பூசி மினுக்கி விற்கிறார்கள். நாலு அலசலில் பூச்சு போய்விடும், அப்புறம் விரல் நுழையாது. ஒழுங்காகக் கட்டிய முடியை மேலிருந்து கீழே நீவினால் வழுக்கும், கீழிருந்து மேலே நீவினால் லேசாகச் சொரசொரக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கினால் அது பூச்சு அல்லது செயற்கை இழை. ஓர் இழையைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டுங்கள். உண்மையான முடி பொசுங்கும் நாற்றத்தோடு எரிந்து, தொட்டால் பொடியாகும். செயற்கை இழை சுருங்கிக் கெட்டியான மணியாக நிற்கும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். ஒரு சாயங்காலத்துக்கு உங்களுக்குச் சவுரியே தேவையில்லை என்பது வேறு விஷயம்.

மண்டபத்துக்காரர் சொன்ன பார்லர் என்கிறீர்கள். மண்டபத்துக்காரர், போட்டோகிராபர், டெக்கரேஷன்காரர் என்று ஆளாளுக்கு ஒரு பார்லர் நம்பர் கொடுப்பார்கள். எல்லாரும் அப்படி இல்லைதான், ஆனால் அந்த நம்பருக்குப் பின்னால் ஒரு கமிஷன் இருப்பது இந்தத் தொழிலில் சகஜம், அது உங்கள் பில்லில்தான் ஏறும். அதனால்தான் 'பேக்கேஜ்' என்று ஒரே தொகையாகச் சொல்கிறார்கள், பிரித்துச் சொன்னால் கேள்வி வரும் பாருங்கள். கட்டாயம் யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தால், 'அன்றைய தலை அலங்காரம் மட்டும் எவ்வளவு?' என்று கேளுங்கள். வேறு எதற்கும் தலையாட்டாதீர்கள். எங்கள் தொழிலில் சேருகிற பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. மூன்று மாத டிப்ளமோவில் எந்த கம்பெனி மருந்தை எத்தனை நிமிஷம் வைக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். கொண்டை ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. கைவேலை தெரியாதவர் மருந்தைத்தானே விற்பார்?

ஹேர் ஸ்பிரே பற்றி ஒரு வார்த்தை. அதில் இருப்பது ஆல்கஹாலும் எரியக்கூடிய வாயுவும். பூஜை அறை, சமையலறைப் பக்கம் அடிக்காதீர்கள். அடித்த ஈரத்தோடு குத்துவிளக்கு ஏற்றக் குனியவும் கூடாது. முழுசாகக் காயட்டும்.

ஒரு வாரம் முன்னால் வீட்டில் ஒத்திகை பாருங்கள். அன்று ஏசி போடாமல் இரண்டு மணி நேரம் வீட்டு வேலை செய்யுங்கள், மண்டபத்து வேர்வையைத் தாங்குமா என்று தெரிந்துவிடும். நெற்றியோரம் இழுத்து வலித்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி தளர்த்திப் போடுங்கள். அழகுக்காக வலி பொறுக்க வேண்டும் என்று யாராவது பெரியம்மா சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்படி இழுத்து வலிப்பது தொடர்ந்தால் நெற்றியோர முடி கொட்டி நெற்றி ஏறிவிடும். மல்லிகையைக் கொண்டையைச் சுற்றி மட்டும் வையுங்கள், திணிப்பின் மேல் பாரம் வேண்டாம்.

வரவேற்பு முடிந்து வந்ததும் அப்படியே படுத்துவிடாதீர்கள். ஊசிகளை எண்ணிக் குத்தியிருந்தால் எண்ணி எடுக்கலாம். திணிப்பை உருவிவிட்டு, ஸ்பிரே பட்ட இடங்களில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவிக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போங்கள். அலசுவதை மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளலாம்.