வாடகை வீட்டுப் படுக்கையறை அரைகுறையாகவே தெரிகிறது. ஆள் வைக்காமல் நாமே என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் பெரம்பூரில் வாடகைக்கு இருக்கிறாராம். கட்டில், பீரோ, ஏ.சி. எல்லாம் வாங்கிப் போட்டாயிற்று. ஆனாலும் நேற்றுதான் சாமான் இறக்கியது மாதிரி அறை இருக்கிறது என்கிறார். பெரிய செலவும் முடியாது, வீட்டுக்காரர் சுவரில் கண்டபடி ஆணி அடிக்கவும் விடமாட்டார்.

நான் தண்டையார்பேட்டைக்காரன். இது எனக்குத் தொழில் இல்லை, ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறதா என்று கேட்கிற ஆள். என் அனுபவத்தில், பொருள் குறைவதால் ஒரு அறை அரைகுறையாகத் தெரிவதில்லை. ஓரங்கள் முடியாமல் கிடப்பதால்தான் அப்படித் தெரிகிறது. சுவரும் தரையும் சேரும் இடம், ஜன்னல் சட்டமும் பூச்சும் சேரும் இடம், ஸ்க்ரீன் துணி முடியும் இடம், ஒயர் தொங்கும் இடம், இங்கெல்லாம்தான் கண் சிக்கிக்கொள்ளும். ஃபால்ஸ் தைக்காமல் பட்டுப்புடவை கட்டியது போலத்தான்; புடவை எவ்வளவு விலையானாலும் கீழ்விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே கலர் கலராக எல்.இ.டி. ஸ்ட்ரிப்பும் சுவர் ஸ்டிக்கரும் ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஓரங்களைக் கவனியுங்கள்.

முதல் வேலை பரண். நம் ஊர்ப் படுக்கையறையில் ஏழடி உயரத்தில் ஒரு கான்கிரீட் லாஃப்ட் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் கொலுப்பொம்மைப் பெட்டி, ஜிப் போன சூட்கேஸ், மிக்ஸி வாங்கிய அட்டைப்பெட்டி (வாரண்டிக்கு வேண்டுமாம்), சீர்வரிசையில் வந்த அண்டா எல்லாம் இருக்கும். கட்டிலில் படுத்தால் முதலில் கண்ணில் படுவது இந்தக் கண்காட்சிதான். கீழே எவ்வளவு அழகு செய்தாலும் மேலே இது இருக்கும்வரை பிரயோஜனம் இல்லை. இதற்குக் கதவு போடுவது ஆயிரக்கணக்கில் இழுக்கும். துணி போதும். ஹார்டுவேர் கடையில் ஸ்ப்ரிங் கம்பி என்று கேட்டால் பிளாஸ்டிக் உறை போட்டதாகத் தருவார்கள். இரண்டு பக்கமும் கொக்கி, ஆறடிக்கு மேல் நீளம் என்றால் நடுவிலும் ஒன்று. இல்லாவிட்டால் கம்பி தொங்கிவிடும். ஆணியே கூடாது என்றால், இரண்டு சுவருக்கும் நடுவே தானாக முட்டுக்கொடுத்து நிற்கும் கம்பி கிடைக்கிறது, சின்னப் பரணுக்கு அது சரிவரும். துணி மட்டும் சுவரின் நிறத்திலேயே இருக்கட்டும். பூப்போட்ட துணி மாட்டினால் பரணுக்கே விளம்பரம் செய்ததாகிவிடும். துணி சுவரோடு கரைந்தால் பரண் இருப்பதே தெரியாது.

பரணைப் போலவே கண்ணை உறுத்துவது கடப்பாக்கல் அலமாரி. கதவில்லாத அலமாரியில் தட்டுக்குத் தட்டு செய்தித்தாள் விரித்து, அது பழுத்துக் கிழிந்து தொங்குவதை எத்தனை வீட்டில் பார்த்திருப்போம்! தாளை எடுத்துவிடுங்கள். உள்சுவருக்கு மட்டும், அறையின் நிறத்திலேயே இரண்டு படி அடர்த்தியான பெயின்ட் ஒரு கோட் அடித்தால் அலமாரி தானாகவே நிமிர்ந்து நிற்கும்.

அடுத்தது சுவர். வடசென்னையில் இதைப் பொறுமையாகத்தான் செய்ய வேண்டும். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை உப்புக்காற்று, கீழ்த்தளமென்றால் ஓதம் வேறு. சுவரின் கீழ் இரண்டடி வெள்ளையாக உப்பு பூத்து, பெயின்ட் பொரிந்து உதிரும். பலரும் அதன் மேலேயே பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து மூடிவிடுகிறார்கள். அடுத்த மழைக்கு மறுபடியும் கிளம்பும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் ஷீட்டைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப்பால் இறுக ஒட்டி, ஓரிரு நாள் விடுங்கள். ஷீட்டின் உள்பக்கம் நீர் முத்து கட்டினால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: குழாய்க் கசிவோ, பாத்ரூம் சுவரோ, தரையிலிருந்து ஏறும் ஓதமோ. அது வீட்டுக்காரர் பார்க்க வேண்டிய வேலை, உங்கள் பிரஷ்ஷுக்கு அதில் இடமில்லை. வெளிப்பக்கம் மட்டும் வியர்த்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை, அவ்வளவுதான்.

சுவர் காய்ந்ததுதான் என்றால், உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், உப்பு கரைந்து திரும்ப உள்ளேயே போகும். பொரிந்ததைச் சுரண்டி, பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர், பிறகு பெயின்ட். பத்துக்குப் பத்தடிச் சுவர் ஒன்றுக்கு இரண்டு கோட் அடிக்க 2 லிட்டர் எமல்ஷன் போதும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். நான்கு சுவரும் வேண்டாம், தலைமாட்டுச் சுவர் ஒன்று செய்தாலே அறை மாறும்.

எப்போது அடிப்பது என்பதில் எனக்கு ஊரோடு சண்டை உண்டு. நாம் பொங்கலுக்கு முன்னால்தான் வெள்ளையடிப்போம். வடகிழக்குப் பருவமழை குடித்த சுவர் அப்போது பாதிகூடக் காய்ந்திருக்காது. போகிக்குப் பழையதைக் கழியுங்கள், பொங்கலையும் கொண்டாடுங்கள், பெயின்ட் டப்பாவை மாசியில் திறங்கள். எங்கம்மாவுக்கு இந்த யோசனையில் துளியும் சம்மதமில்லை.

சுவர் முடிந்ததும் அதன் ஓரங்கள். ஜன்னல் சட்டத்துக்கும் பூச்சுக்கும் நடுவே கறுப்பாக ஒரு இடைவெளி ஓடும், கதவு நிலையைச் சுற்றியும் ஓடும். அதை அடைக்கிற சீலன்ட்டில் இரண்டு ஜாதி. நான் வழக்கமாகப் போகும் கடை அண்ணன் ஒரு தடவை என் கையிலிருந்ததைப் பிடுங்கி வைத்துவிட்டு, "சிலிக்கான் அடிச்சா மேல பெயின்ட்டு நிக்காதுபா, அக்ரிலிக் எடுத்துனு போ" என்றார். அதுதான் சரி. சிலிக்கான் பாத்ரூமுக்கும் சிங்க்குக்கும். பெயின்ட் அடிக்க வேண்டிய இடத்துக்கு அக்ரிலிக். மெல்லிய கோடாக இட்டு, ஈரவிரலால் ஒரே இழுப்பாக இழுத்துவிடுங்கள். அரைமணி வேலைதான், ஆனால் இந்தப் பதிலில் உள்ள எதையாவது ஒன்றை மட்டும் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். கீழே ஸ்கர்டிங்கில், அதாவது சுவரின் அடியில் தரையை ஒட்டி ஓடும் பட்டையில், மாப் அடித்த கறையும் பழைய பெயின்ட் சிந்தலும் இருக்கும். மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, அந்த மூன்று நான்கு அங்குலப் பட்டைக்கு எனாமல் அடித்து, பெயின்ட் முழுக்கக் காய்வதற்குள் டேப்பை உரித்தால் கோடு கத்தியாக நிற்கும்.

ஸ்க்ரீன். நம் ஜன்னல்களில் துணி சட்டத்தோடு முடிந்துவிடும், அல்லது சட்டத்துக்குக் கீழே ஒரு சாண் தொங்கி அந்தரத்தில் நிற்கும். ரெடிமேடாகக் கிடைப்பது பெரும்பாலும் 5 அடி, 7 அடி, 9 அடி. ஜன்னலுக்கு என்று 5 அடி வாங்குவதுதான் வழக்கம். ஜன்னல் பக்கம் மேசை, கட்டில் எதுவும் முட்டாவிட்டால் ராடைச் சட்டத்துக்கு மேலே நாலைந்து அங்குலம் ஏற்றி, இரண்டு பக்கமும் அரையடி நீட்டி, துணியைத் தரையை உரசும் அளவுக்கு விடுங்கள். ஜன்னல் பெரிதாகத் தெரியும், கூரையும் உயர்ந்ததாகத் தெரியும். அகலத்துக்கு ராடின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது துணி வேண்டும், இல்லாவிட்டால் மூடும்போது பெட்ஷீட்டைக் காயப்போட்ட கணக்காகிவிடும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுத்து, தெருமுனை டெய்லரிடம் அளவு கொடுத்தால் நினைத்த நீளத்துக்குக் கிடைக்கும். காட்டன் என்றால் ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுங்கள். சுருங்கினால் தரையைத் தொட்ட துணி கணுக்காலுக்கு ஏறிவிடும்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது நம் ஏரியாவை நினைத்துக்கொள்ளுங்கள். 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் நிற்கும்வரை துறைமுகத்து நிலக்கரித் தூசு ராயபுரம் வீடுகளில் எப்படிப் படிந்தது என்பது பழையவர்களுக்குத் தெரியும். இன்றைக்கு கன்டெய்னர் லாரிப் புழுதி இருக்கிறது. தூய வெள்ளை வேண்டாம், சாம்பலோ மண்நிறமோ எடுங்கள். கொசுவலையும் அப்படித்தான்: பக்கிங்ஹாம் கால்வாய்ப் பக்கம் அது இல்லாமல் முடியாது, ஆனால் வெள்ளை வலையை விடக் கறுப்பு வலை கண்ணுக்குத் தெரியாது, வெளியே பார்வையும் தெளிவாக இருக்கும்.

ராடு மாட்ட ஒரு எச்சரிக்கை. ஜன்னலுக்கு நேர் மேலே லின்டல், அதாவது மேல்சுவரைத் தாங்கும் கான்கிரீட் விட்டம். சாதாரண டிரில் அதில் சறுக்கும், ஹாமர் டிரில் வேண்டும். ஹார்டுவேர் கடையில் சொன்னால், ஓட்டைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு போட்டுத்தர ஆள் வருவார். இந்த ஒரு வேலைக்கு ஆள் வைப்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை. ஸ்க்ரூ எல்லாம் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஆக இருக்கட்டும். சாதா இரும்பு ஸ்க்ரூ இந்தக் காற்றில் துருப்பிடித்து, புதுப் பெயின்ட்டில் செங்காவிக் கோடு வழியவிடும்.

வெளிச்சம் பற்றிச் சுருக்கமாக. நம் வீடுகளில் ஒரே டியூப்லைட், அதுவும் 6500 கெல்வின் நீலவெள்ளை. பல்பு டப்பாவில் இந்த எண் இருக்கும். பகல் வேலைக்கு அது இருக்கட்டும். கட்டில் பக்கம் 3000 கெல்வினில், அதாவது மஞ்சள் வெளிச்சத்தில், ஒரு சின்ன விளக்கு, கிளிப் மாட்டுவதாக இருந்தாலும் சரி, தனியாக வையுங்கள். ராத்திரி டியூபை அணைத்துவிட்டு அதை மட்டும் போட்டுப் பாருங்கள்.

ஃபேனை நிமிர்ந்து பாருங்கள். கூரையை ஒட்டி இருக்க வேண்டிய கப், பாதி வீடுகளில் கம்பியில் இறங்கி, கொக்கியும் ஒயரும் தெரியத் தொங்கும். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்து உறுதி செய்துகொண்டு, கப்பை மேலே தள்ளி ஸ்க்ரூவை முறுக்குங்கள். பழுத்துப்போன ஸ்விட்ச் பிளேட்டில் மேல்மூடி மட்டும் தனியாகக் கிடைத்தால் மாற்றலாம். உள்ளே ஒயரில் கைவைக்கும் வேலை எலக்ட்ரீஷியனுக்கு. தொங்கும் ஒயருக்கு பி.வி.சி. கேசிங், மூலையோடு மூலையாக. இருபக்க டேப்பில் ஒட்டாதீர்கள், சித்திரை வெயிலில் விட்டுவிடும்.

பீரோவை நகர்த்துவது மட்டும் என்னால் முடியாத காரியம். வாசல் வழியாக உள்ளே வந்ததும் அதுதான் முகத்தில் அடிக்கிறது, எதிர்ச்சுவருக்குப் போனால் அறையே விரியும். "கன்னி மூலையை விட்டு அத நகத்தாதடா" என்று அம்மா சொல்லிவிட்டார். சரி, இடம் மாறாது, நிறம் மாறலாமே. துருவை உப்புத்தாளால் தேய்த்து, மெட்டல் பிரைமர் அடித்து, சுவரின் நிறத்தில் எனாமல் இரண்டு கோட். காலுக்கடியில் மரக்கட்டை வைத்துத் தூக்கிவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டாம். அதே காரணத்துக்காக, கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் மரத்தூள் பலகையில் செய்த மலிவு சைடு டேபிள் வாங்காதீர்கள். ஒருமுறை நனைந்தால் ஊதி உதிர்ந்துவிடும்.

வீட்டுக்காரர் விஷயம். பெயின்ட் அடிக்கப்போகிறேன் என்று முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டுவிடுங்கள், அறையின் பழைய நிலையைப் போட்டோவும் எடுத்து அதிலேயே அனுப்புங்கள். காலிசெய்யும்போது பெயின்டிங் செலவு என்று அட்வான்ஸில் கழிப்பது வழக்கம், அப்போது பேச உங்கள் கையில் ஏதாவது இருக்கும். மிஞ்சிய பெயின்ட் டப்பாவின் மூடியில் ஷேட் நம்பரையும் எந்தச் சுவர் என்பதையும் எழுதி, அந்தப் பரணிலேயே துணிக்குப் பின்னால் வைத்துவிடுங்கள்.