முழுசா குணமான பிறகுதான் வேலையா?

அன்புள்ள அம்மா,

'முழுசா குணமாகட்டும், அப்புறம் வேலையைப் பார்க்கலாம்' என்று, மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ள, பி.காம் முடித்த மகனை நாலு வருஷமாக வீட்டிலேயே வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வேலைக்குப் போய் மறுபடியும் காதில் குரல் கேட்க ஆரம்பித்துவிட்டால் என்ற பதற்றம் எந்தத் தாய்க்கும் வரும். ஆனாலும் இனி காத்திருக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மனச்சிதைவு உள்ளவர்களுக்கு வருஷக்கணக்கில் பயிற்சி கொடுத்து, தேறினால் வேலை என்பது பழைய வழக்கம். 1990-களில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் அதைத் தலைகீழாக்கினார்கள். ஒருவர் வேலை செய்ய விரும்பினால் போதும், அவருக்குப் பிடித்த சம்பள வேலையை உடனே தேடு, சேர்ந்த பிறகு விட்டுவிடாமல் கூடவே இரு என்பதுதான் அவர்கள் முறை. ஆறு ஐரோப்பிய நகரங்களில் 312 பேரிடம் இதைச் சோதித்த ஆய்வு 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. இந்த முறையில் 55 சதவீதம் பேர் வேலைக்குப் போனார்கள். பழைய முறையில் 28 சதவீதம்தான். உங்கள் பயத்துக்கும் அதில் பதில் இருக்கிறது: மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் இதில் 20 சதவீதம், பழைய முறையில் 31.

கூடவே இருப்பது என்றால் என்ன? நான் இப்படி உதவிய ஒரு பையன் மருந்துக் கடையில் சேர்ந்தான். அவனுக்குக் கவுண்டரில் கூட்டம் சேர்ந்தால் கை நடுங்கும். அவன் சம்மதத்தோடு முதலாளியிடம் பேசி, காலாவதி தேதி பார்த்து ரேக்கில் மருந்து அடுக்கும் வேலைக்கு மாற்றினோம். முதல் மாதம் தினமும் வேலை முடிந்ததும் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து, அன்று என்ன நடந்தது என்று கேட்பேன். இன்று ஸ்டாக் கணக்கே அவன் கையில்.

ராத்திரி மாத்திரையால் காலையில் எழ முடியவில்லை என்கிறீர்கள். அது சோம்பல் இல்லை அம்மா, திட்டாதீர்கள். மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். பத்து மணிக்கு மேல் தொடங்கும் வேலையாகத் தேடுவோம். தூக்கம் கெடும் நைட் ஷிப்ட் மட்டும் வேண்டாம். நோயை முதலாளியிடம் சொல்வதா வேண்டாமா என்பதை மகன்தான் முடிவு செய்ய வேண்டும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மனநோயும் மாற்றுத்திறன்தான். குறைந்தது 40 சதவீதம் பாதிப்பு என்று சான்றிதழ் இருந்தால் அரசு வேலை ஒதுக்கீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். உதவித்தொகை வாங்குகிறாரென்றால், சம்பளம் வந்தால் அது என்னாகும் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பேங்க் பரீட்சை எழுதட்டும் என்பது உங்கள் ஆசை. அவருக்கு என்ன ஆசை என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே. அடுத்த முறை அவரையும் அழைத்து வாருங்கள். முதல் அரை மணி நேரம் அவரோடு நான் தனியாகப் பேச வேண்டும்.