பதில்: சுவிட்ச் எல்லாம் அணைத்தும் கேம்பர் வேன் பேட்டரி ஒரே மாதத்தில் 11.9 வோல்ட்

எல்லா சுவிட்சையும் அணைத்தும் கேம்பர் வேன் (தங்கும் வசதியுள்ள வண்டி) பேட்டரி ஒரே மாதத்தில் 11.9 வோல்ட்டுக்கு இறங்கியது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். கனடாவின் கடும் குளிர் ஊரான கால்கரியில் நவம்பரிலேயே 11.9 என்றால் தள்ளிப்போடாதீர்கள். 12.7ல், அதாவது முழு சார்ஜில், இருக்கும் ஈய-அமில பேட்டரி -50 டிகிரி செல்சியஸிலும் உறையாது. 11.9ல் சுமார் -10 முதல் -15க்குள்ளேயே உறையத் தொடங்கலாம், பெட்டி விரிசல் விட்டுவிடும்.

சார்ஜைக் குடிப்பது பெரும்பாலும் கேஸ் டிடெக்டர்தான் (கேஸ் கசிந்தால் எச்சரிக்கும் கருவி). அது சுவிட்ச் வழியாகப் போகாமல் நேராக பேட்டரியோடு இணைந்திருக்கும். ரேடியோ நினைவகமும் சேர்ந்து 80 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளுக்கு 2 ஆம்பியர்-மணி, மாதத்துக்கு 60. உங்கள் 100 ஆம்பியர்-மணி பேட்டரிக்குக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, கேபிளுக்கும் முனைக்கும் நடுவே பிடித்துப் பாருங்கள். அப்போது எதையும் ஆன் செய்யாதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும்.

பக்கச்சுவர் உப்பியிருந்தாலோ மூடிக்குள் பனிக்கட்டி தெரிந்தாலோ சார்ஜரை இணைக்கவே கூடாது. அப்படி எதுவும் இல்லையென்றால், டிடெக்டர் நின்றுவிடும் என்பதால் கேஸ் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, நெகட்டிவை முதலில் கழற்றி, பேட்டரியைக் கராஜுக்குக் கொண்டுபோங்கள். 10 ஆம்பியர் சார்ஜரில், 14.4 வோல்ட்டுக்குக் குறையாமல், முழுதாக ஏற்றுங்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது ஏற்றிய பிறகுதான். முன்பே நிரப்பினால் சார்ஜ் ஆகும்போது அமிலம் பொங்கி வழியும். உள்ளே இருக்கும் ஈயத் தகடு நீர்மட்டத்துக்கு மேலே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முதலிலேயே கொஞ்சம் விடலாம்.

சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பார்கள், அது பழைய கதை. குளிரில் தானாக இறங்குவது மிகக் குறைவு. மாதம் ஒருமுறை அளந்து, 12.5க்குக் கீழே போனால் மறுபடி ஏற்றுங்கள்.