ஷூமாக்கர் கேள்வி பதில்: கொழிஞ்சாம்பாறை பட்டறையிலிருந்து

கொழிஞ்சாம்பாறையில் எனக்கு ஒரு கார் பட்டறை. அதற்கு முன் எட்டு வருஷம் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஃபார்முலா கார்களுக்கு மெக்கானிக்காக இருந்தேன். வாளையாறு முதல் மீனாட்சிபுரம் வரை எல்லையின் இரண்டு பக்கமும் பரவிக் கிடக்கிற நம் பந்தய ரசிகர்கள் இந்த வாரம் ஏழு தடவை ஃபார்முலா ஒன் சாம்பியன் ஆன ஜெர்மன் டிரைவர் மைக்கேல் ஷூமாக்கரைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். காரும் டீமும் பந்தயமும் எனக்குத் தெரிந்த விஷயம். அதைத் தாண்டிக் கேட்டால் சுருக்கமாகத்தான் சொல்வேன்.

முதல் வாய்ப்பு அவருக்கு எப்படிக் கிடைத்ததுங்க அண்ணா? பணக்கார வீட்டுப் பிள்ளையா? (கோபாலபுரம், கல்லூரி மாணவர்)

இல்லை தம்பி. அப்பா செங்கல் கட்டும் கொத்தனார். ஜெர்மனியில் கெர்ப்பன் என்ற ஊரில் கார்ட் ஓட்டும் தளத்தையும் கவனித்துக்கொண்டார். பையன் வளர்ந்தது அங்கேதான்.

வாய்ப்பு வந்த விதம் விசித்திரமானது. 1991-இல் ஜோர்டான் டீமின் டிரைவர் பெர்த்ரான் கஷோ, லண்டனில் ஒரு டாக்சிக்காரர் முகத்தில் கண்ணீர்ப்புகை ஸ்ப்ரே அடித்து ஜெயிலுக்குப் போய்விட்டார். பெல்ஜியம் பந்தயத்துக்கு அவசரமாக ஆள் வேண்டும். மெர்சிடீஸ் கம்பெனி 1,50,000 டாலர் கொடுத்து, தன் ஸ்போர்ட்ஸ் கார் டீமில் இருந்த 22 வயது ஷூமாக்கரை உட்கார வைத்தது. அந்தப் பந்தயம் நடக்கும் ஸ்பா தளம் பையனுக்கு நன்றாகத் தெரியும் என்று மேனேஜர் வில்லி வெபர் அடித்துச் சொன்னார். உண்மையில் ஷூமாக்கர் அங்கே ஓட்டியதே இல்லை. கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர் தளத்தை சைக்கிளில் சுற்றிப் பார்த்துப் பழகிக்கொண்டார். தகுதிச்சுற்றில் ஏழாவது இடம். அதே டீமில் பல வருஷ அனுபவம் உள்ள டி சேசரிஸ் பதினொன்றாவது. பந்தயத்தில் முதல் சுற்றிலேயே க்ளட்ச் போய்விட்டது. ஆனால் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள்.

அடுத்த பந்தயத்துக்குள் பெனட்டன் டீம் அவரைத் தூக்கிக்கொண்டது. ஜோர்டான் கோர்ட்டுக்குப் போயும் தடை கிடைக்கவில்லை. பெனட்டனில் அதுவரை ஓட்டிய ரொபெர்த்தோ மொரேனோவை இறக்கிவிட்டுத்தான் இவரை ஏற்றினார்கள். மொரேனோ ஜோர்டானில் காலியான அதே சீட்டில் போய் உட்கார்ந்தார். சரியாக ஒரு வருஷம் கழித்து, 1992-இல், அதே ஸ்பாவில் ஷூமாக்கருக்கு முதல் வெற்றி.

அவர் இப்போது எப்படி இருக்கிறார்? (சித்தூர்)

2013 டிசம்பர் 29 அன்று பிரான்ஸ் மெரிபெலில் பனிச்சறுக்கும்போது தலையில் அடிபட்டது. அதற்குப் பிறகு நடப்பதைக் குடும்பம் வெளியே சொல்வதில்லை. நானும் அதைப் பேசப் போவதில்லை.

1994 பட்டம் திருட்டுப் பட்டம்தானே? (பொள்ளாச்சி)

ஒரே வார்த்தையில் முடிக்கிற விஷயமில்லை அய்யா. அந்த வருஷம் பெனட்டன் காரின் கம்ப்யூட்டரில், தடை செய்யப்பட்ட ஸ்டார்ட் உதவி ஒளித்து வைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பந்தயத்தில் அதைப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சில்வர்ஸ்டோனில் பந்தயம் தொடங்கும் முன் சுற்றும் ஃபார்மேஷன் லேப்பில் பட்டப் போட்டியாளர் டேமன் ஹில்லை முந்தினார், தண்டனையை உடனே ஏற்கவில்லை, வெளியேறச் சொல்லும் கறுப்புக் கொடியையும் மதிக்கவில்லை. அதற்கு அந்தப் பந்தய முடிவைப் பறித்ததும் இரண்டு பந்தயத்துக்குத் தடை போட்டதுமாக மூன்று பந்தயம் போயிற்று. ஸ்பாவில் கிடைத்த வெற்றியும், காருக்கு அடியில் இருக்கும் பலகை அளவுக்கு மேல் தேய்ந்திருந்ததால் போனது. இத்தனைக்குப் பிறகும் 92-க்கு 91 என்று ஒரு புள்ளியில் பட்டம்.

கடைசிப் பந்தயம் அடிலெய்டு. சுவரில் இடித்து நொண்டிக்கொண்டு திரும்பி வந்தவர், முந்த வந்த ஹில் மீது திரும்பினார். இரண்டு காரும் அவுட். நடுவர்கள் சாதாரண விபத்து என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சுவரில் இடித்தபோதே தன் கார் முடிந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த வருஷம் எட்டுப் பந்தயம் ஜெயித்ததை அது அழித்துவிடாது. இரண்டையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும்.

என் ஸ்விஃப்டுக்கு ஃபெராரி மாதிரி சத்தம் வர என்ன சைலன்சர் போடலாம்? (கஞ்சிக்கோடு)

எதுவும் போடாதே தம்பி. வாளையாறு நாலுவழிச் சாலை ரேஸ் டிராக் இல்லை.

ரெண்டு தடவை சாம்பியன் ஆன டீமை விட்டுவிட்டு, தோத்துக்கிட்டிருந்த ஃபெராரிக்கு ஏன் போனார்? காசுக்கா? (வேலந்தாவளம்)

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். 1995-இல் ஒன்பது வெற்றியோடு இரண்டாவது பட்டம். 1996-இல் ஃபெராரி. சம்பளம் பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஃபெராரி டிரைவர் ஒருவர் கடைசியாகப் பட்டம் வென்றது 1979-இல், ஜோடி ஷெக்டர். அவருக்குப் பிறகு பல பெரிய டிரைவர்கள் வந்து கைவிரித்துப் போன இடம் அது.

முதல் வருஷம் கார் படு மோசம். பிரான்ஸில் போல் (தகுதிச்சுற்றில் முதல் இடம்) எடுத்தவருக்கு ஃபார்மேஷன் லேப்பிலேயே எஞ்சின் வெடித்தது. அதே காரை வைத்துக்கொண்டு பார்சிலோனாவில் கொட்டுகிற மழையில் 45 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். காரை நம்ப முடியாதபோது ஓட்டுபவன் எவ்வளவு செய்ய முடியும் என்று யாராவது கேட்டால் நான் அந்தப் பந்தயத்தைத்தான் காட்டுவேன்.

ஆனால் அதைவிடப் பெரிய வேலை பட்டறைக்குள்ளே நடந்தது. டீம் தலைவர் ஜான் டாட் ஏற்கெனவே அங்கே இருந்தார். பெனட்டனில் ஷூமாக்கரோடு வேலை செய்த ராஸ் ப்ரானும் டிசைனர் ரோரி பைர்னும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். ஃபியோரானோவில் டீமுக்குச் சொந்த டிராக். அங்கே சுற்றிச் சுற்றி ஓட்டிவிட்டு மெக்கானிக்குகளோடு உட்கார்ந்து பேசுவார். நான் மெக்கானிக்காக இருந்தவன் என்பதால் சொல்கிறேன். “கார் சரியில்லை” என்று சொல்லும் டிரைவர் நூறு பேர் கிடைப்பார்கள். எந்த வளைவில், பிரேக்கை விடும் எந்த நொடியில் பின்பக்கம் நழுவுகிறது என்று சொல்பவர் அபூர்வம். அப்படி ஒருவர் இருந்தால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் ஸ்பானரைப் பிடிக்கக் கை வரும்.

பலன் உடனே வரவில்லை. 1997-இல் கடைசிப் பந்தயத்தில் போயிற்று. 1998-இல் ஜப்பானின் சுசுகாவில் கார்கள் வரிசையாக நிற்கும் கிரிட்டிலேயே கார் நின்றுபோனது, போட்டி டிரைவர் ஹக்கினன் சாம்பியன். 1999-இல் சில்வர்ஸ்டோனில் பிரேக் போய் வலது கால் முறிந்தது, ஆறு பந்தயம் இல்லை. 2000 அக்டோபர் 8, சுசுகாவில்தான் பட்டம். ஃபெராரி டிரைவருக்கு 21 வருஷம் கழித்து. அவருடைய உச்சம் எது என்றால் எல்லோரும் 2004-ஐச் சொல்வார்கள், 18-க்கு 13 வெற்றி. 1996 முதல் 1999 வரை தோற்றுக்கொண்டே கட்டிய அந்த நாலு வருஷம்தான் என் கணக்கில் உச்சம்.

இப்போது அவருக்கு நினைவு திரும்பிவிட்டதாக வீடியோ பார்த்தேன், உண்மையா? (எட்டிமடை)

மேலே சித்தூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

1997-இல் வில்நவ்வை இடித்தது? (கொழிஞ்சாம்பாறை, ஆசிரியை)

ஹெரெஸ், 1997 அக்டோபர் 26. பட்டப் போட்டியில் ஷூமாக்கர் வில்நவ்வைவிட ஒரு புள்ளி முன்னால் இருந்தார். ஜாக் வில்நவ் உள்பக்கமாக நுழைந்தபோது இவர் ஸ்டீயரிங்கைத் திருப்பி இடித்தார். சரளைக் கல்லில் சிக்கியது இவர் கார்தான். வில்நவ் மூன்றாவதாக முடித்துச் சாம்பியன் ஆனார். அந்த வருஷப் பட்டப் பட்டியலிலிருந்தே ஷூமாக்கர் பெயரை நீக்கினார்கள். பந்தய முடிவுகள் மட்டும் கணக்கில் நின்றன. சென்னாவும் 1990-இல் ப்ராஸ்ட்டை இடித்தாரே என்று ரசிகர்கள் சொல்வார்கள். அது இதற்கு நியாயம் ஆகாது டீச்சர். அது தப்பு, அவ்வளவுதான்.

இன்னொன்று: சாலைப் பாதுகாப்புப் பிரசாரத்தில் கலந்துகொள்ள வேண்டும் என்றும் அவருக்கு உத்தரவு போட்டார்கள். உங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். ஹெல்மெட் போட்டால் மட்டும் போதாது, பட்டையையும் மாட்டச் சொல்லுங்கள்.

2002 ஆஸ்திரியாவில் பாரிக்கெல்லோவை நிறுத்தி இவரை ஜெயிக்க வைத்தார்களே. எங்கள் ரேக்ளாவில் இந்த அநியாயம் நடக்காது. (ஆனைமலை, காளை வளர்ப்பவர்)

நடந்தது இதுதான் அய்யா. முழுக்க முன்னால் ஓடிய, ஃபெராரியில் ஷூமாக்கரோடு இன்னொரு காரை ஓட்டிய ரூபன்ஸ் பாரிக்கெல்லோ, டீம் சொன்னதால் கடைசி நேரத்தில் வேகம் குறைத்து வழி விட்டார். கூட்டம் ஊளையிட்டது. மேடையில் ஷூமாக்கர் அவரை முதல் படியில் ஏற்றிக் கோப்பையையும் கொடுத்தார். மேடை முறையை மீறியதற்காக 10 லட்சம் டாலர் அபராதம். அடுத்த வருஷமே, யாருக்கு வழி விட வேண்டும் என்று டீம் சொல்லும் டீம் ஆர்டருக்குத் தடை வந்தது. 2011-இல் அதை நீக்கினார்கள்.

ரேக்ளாவில் ஒவ்வொரு ஜோடியும் தனியாக ஓடும், பக்கத்தில் எதிரி கிடையாது, 200 மீட்டரோ 300 மீட்டரோ கடிகாரம் சொல்வதே முடிவு. அங்கே வழி விட ஆளே இல்லை. இங்கே ஒரு டீமுக்கு இரண்டு கார்.

சம்பளம் வாங்குகிறவன் சொன்னதைக் கேட்க வேண்டாமா? ஆனைமலைக்காரர் சும்மா பேசுகிறார். (நல்லேப்பிள்ளி, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்)

டீம் ஆர்டர் எனக்கும் பிரச்சினை இல்லை. 1999-இல் கால் ஆறி மலேசியாவுக்குத் திரும்பிய ஷூமாக்கர், போல் எடுத்துவிட்டு, பட்டப் போட்டியில் இருந்த அதே டீமின் எடி இர்வைனுக்கு இரண்டு தடவை வழி விட்டார். அது தேவை இருந்த இடம். 2002 ஆஸ்திரியா ஆறாவது பந்தயம்தான், இவர் 44 புள்ளி, அடுத்தவர் 23. அங்கே என்ன தேவை?

தேவை இருந்தாலும் தப்புதாங்க. காட்டை உழாமல் விட்டுவிட்டுப் பார்க்க வந்தவனுக்கு என்ன பதில்? (மீண்டும் ஆனைமலை)

இந்தப் பக்கத்தை நான் யோசிக்கவில்லை. டிராக்கின் உள்ளேயே இருந்தவனுக்கு வேலிக்கு வெளியே நிற்பவன் கண்ணில் படுவதில்லை. நான் சொன்ன மலேசியப் பந்தயம் நடந்த செப்பாங்குக்கும் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் இருந்தார்கள். ஒத்துக்கொள்கிறேன்.

அதே வருஷம் இண்டியானாபொலிஸில் திருப்பிக் கொடுத்துவிட்டாரே! (நல்லேப்பிள்ளி)

ஷூமாக்கர் முடிவுக்கோட்டுக்கு முன் வேகம் குறைத்தார், பாரிக்கெல்லோ 0.011 விநாடியில் ஜெயித்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை அண்ணா. அந்த வருஷம் 17 பந்தயத்திலும் முதல் மூன்று இடத்துக்குள் வந்து மேடை ஏறியவர், ஜூலையிலேயே பட்டத்தை முடித்தவர். அந்தக் காருக்கு இந்த ஏற்பாடு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. நீங்கள் இருவரும் நேரில் பேசுவதானால் பட்டறைக்கு வாருங்கள், டீ என் செலவு.

நம்ம நரேன் அவரோடு ஓட்டியிருக்கிறாரா? (க.க.சாவடி)

ஓட்டியிருக்கிறார். 2005-இல் ஜோர்டான் டீமில் கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர். அந்த ஜூனில் இண்டியானாபொலிஸில் மிஷெலின் டயர் தாங்காது என்று 14 கார்கள் பிட்டுக்குள் (டீம்கள் காரைக் கவனிக்கும் இடம்) போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்தான் ஓடியது. ஷூமாக்கர் முதல், நரேன் நாலாவது, ஐந்து புள்ளி. அந்த வருஷம் ஷூமாக்கருக்கு அது ஒன்றுதான் வெற்றி. அவர் முதன்முதலில் ஓட்டிய டீமின் காரில் நம் ஊர்க்காரர் பின்னால் வந்தார் என்பதில் எனக்கு இன்றும் சந்தோஷம்.

அவர் பேட்டி கொடுத்ததாக ஒரு பத்திரிகையில்... (மதுக்கரை)

அது 2023-இல் ஒரு ஜெர்மன் பத்திரிகை கம்ப்யூட்டரை வைத்து எழுதிய போலிப் பேட்டி. ஆசிரியர் வேலையை இழந்தார். உடல்நிலை பற்றி வந்த மீதி ஒன்பது கேள்விகளையும் ஒதுக்கிவிட்டேன். அந்த வீடியோக்களைத் திறக்காதீர்கள், பகிராதீர்கள்.

மெர்சிடீஸுக்குத் திரும்பி வந்தது தேவையா? (மீனாட்சிபுரம்)

2010 முதல் மூன்று வருஷம். ஒரே ஒரு மேடை, 2012 வாலென்சியாவில் மூன்றாவது, 43 வயதில். அதே வருஷம் மொனாக்கோவில் தகுதிச்சுற்றில் எல்லோரையும்விட வேகம்; முந்தைய பந்தயத் தண்டனையால் ஐந்து இடம் பின்னால் போனார். 2010 ஹங்கேரியில் பாரிக்கெல்லோவைச் சுவரோடு நெருக்கியது அசிங்கம், தண்டனையும் கிடைத்தது. பழைய வேகம் இல்லைதான். ஆனால் 1991-இல் தனக்காகப் பணம் கட்டிய கம்பெனிக்கு, ராஸ் ப்ரானோடு மறுபடி அடித்தளம் போட வந்தார். அவர் இறங்கிய சீட்டில் 2013-இல் ஹாமில்டன் உட்கார்ந்தார். 2014 முதல் எட்டு வருஷம் டீம் பட்டம் அவர்களுக்கே.

ஹாமில்டனா, ஷூமாக்கரா? (ஏழு பேர்)

இருவருக்கும் ஏழு பட்டம். வெற்றியில் 91-ஐ ஹாமில்டன் 2020-இல் தாண்டிவிட்டார். அவ்வளவே.

நான் எட்டாவது படிக்கிறேன் மாமா. ரேஸ் மெக்கானிக் ஆக என்ன செய்யணும்? (வேலந்தாவளம்)

செட்டிபாளையத்தில் பந்தயம் நடக்கும் நாளில் அப்பாவோடு வா கண்ணு. காரைப் பார்க்காதே, பிட்டில் நிற்கிறவர்கள் கையைப் பார். எதை முதலில் கழற்றுகிறார்கள், கழற்றிய நட்டை எங்கே வைக்கிறார்கள் என்று நோட்டில் எழுதி வா. லீவு நாளில் பட்டறைக்கு அந்த நோட்டோடு வந்தால் ஒரு பழைய மாருதி 800 எஞ்சின் இருக்கிறது, சேர்ந்து பிரிக்கலாம்.