ரத்தநாளப் பரிசோதனை வேலை: மகளைச் சேர்க்கும் முன்

நீட் மதிப்பெண் போதவில்லை, மகளை பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜியில் சேர்த்தால் ரத்தநாள லேபில் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் பட்டனை அழுத்துகிற வேலை என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். மெஷின் காட்டும் எண் எப்போது பொய் என்று கண்டுபிடிக்கத்தான் சம்பளம்.

அன்றாடம் வருவது ஏபிஐ, அதாவது கணுக்கால் அழுத்தத்துக்கும் கை அழுத்தத்துக்கும் உள்ள விகிதம். நோயாளியை 5 முதல் 10 நிமிடம் மல்லாக்கப் படுக்க வைத்து, இரு கைகளிலும் இரு கணுக்கால்களிலும் ரத்த அழுத்தப் பட்டை கட்டி, பென்சில் டாப்ளரில் (ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்க வைக்கும் பேனா போன்ற கருவி) துடிப்பைக் கேட்டு அழுத்தம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு காலிலும் கிடைத்த உயர்ந்த அளவை, கைகளில் உயர்ந்த அளவால் வகுக்க வேண்டும். 1.0 முதல் 1.4 வரை இயல்பு. 0.9 அல்லது அதற்குக் கீழே போனால் கால் தமனியில் அடைப்பு. அவசரத்தில் உட்கார வைத்தே எடுத்தால், கால் இதயத்துக்குக் கீழே தொங்குவதால் கணுக்கால் அழுத்தம் ஏறிவிடும். அடைப்பு கண்ணில் படாது.

சர்க்கரை நோயாளியிடம்தான் உண்மையான சவால். பல வருடச் சர்க்கரையில் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். பட்டை எவ்வளவு இறுக்கினாலும் நசுங்காது. அழுத்தம் பொய்யாக ஏறி, விகிதம் 1.5 என்று வரும். நன்றாக இருக்கிறது என்று எழுதினால் ஒரு கால் போகலாம். இன்னும் மோசம், அடைப்பும் சுண்ணாம்பும் சேர்ந்திருந்தால் சாதுவாக 1.0 காட்டும். கால் விரல் தமனிகளில் சுண்ணாம்பு குறைவு என்பதால் அங்கே சின்னப் பட்டை கட்டி எடுப்பார்கள். கை அழுத்தத்தோடு ஒப்பிட்டு 0.7-க்குக் கீழே இருந்தால் சந்தேகம். கால் சில்லிட்டிருந்தால் தவறாகக் குறையும், முதலில் போர்த்திச் சூடாக்க வேண்டும்.

எஃப்எம்டி என்று இன்னொன்று உண்டு, அதாவது ரத்த ஓட்டம் கூடும்போது தமனி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் அளப்பது. 1992-இல் இருந்து ஆய்வுகளில் பரவிய முறை. முன்கையில் பட்டை கட்டி 5 நிமிடம் ரத்தத்தை நிறுத்தி, பிறகு பட்டையைத் தளர்த்தினால், பாய்ந்து வரும் ரத்தத்தால் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு சுரந்து மேல்கைத் தமனி விரியும். ஆரோக்கியமானவருக்கு நன்றாக விரியும், சர்க்கரை நோயாளிக்குக் குறையும். 4 மி.மீ. தமனி 6 சதவீதம் விரிந்தால் 0.24 மி.மீ.தான்! கை 0.1 மி.மீ. பிசகினாலே இரண்டரை சதவீதம் தவறும். வெறும் வயிறு, காபியும் சிகரெட்டும் கூடாது, அமைதியான அறை. இன்சுலின் போடுபவரை வெறும் வயிற்றில் வரச் சொல்லும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும், சர்க்கரை இறங்கிவிடும். இந்தத் திறமைக்கு ஆய்வுத் திட்டங்களில்தான் வேலை. மருத்துவமனைச் சம்பளம் ஏபிஐயிலும் டாப்ளர் ஸ்கேனிலும்தான்.

சொந்தமாக ஸ்கேன் சென்டர் வைக்கலாம் என்ற கணக்கு வேண்டாம். ரிப்போர்ட்டில் கையெழுத்திடுவது டாக்டர். பொறுமையும் இயற்பியலில் ஈடுபாடும் உள்ள பெண் என்றால் தைரியமாகச் சேருங்கள். ஆறு மாத டிப்ளமோவில் சேர்க்க வேண்டாம். பல்கலைக்கழக அங்கீகாரமுள்ள பட்டமாகவும், இன்டர்ன்ஷிப் நிஜ மருத்துவமனையிலும் இருக்கட்டும். கல்லூரிக்குப் போகும்போது இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம், ஏபிஐ 1.5 வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். கால் விரலில் எடுப்போம் என்று யோசிக்காமல் சொன்னால் முன்பணம் கட்டலாம்.